பலூன் இல்லாத வண்டி

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தால் இன்னமும் வகுப்பறைகள்தான் வருகின்றன. எந்தப் பள்ளி என்று தெரியாது. ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்திருக்கும். ஐம்பது அறுபது முகங்கள் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். என் கையில் ஏதோ ஒன்று நீண்டுகொண்டே போகும். பிள்ளைகள் சிரிப்பது தெரியும், சத்தம் மட்டும் கேட்காது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் விரல்கள் எதையோ இழுத்துப் பிடித்தபடி இருக்கும்.

போன வாரம் பிரியா போன் செய்தாள். அறிவியல் வண்டியில் நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவள்.

"மேடம், வண்டியில இருக்கிற எல்லாப் பெட்டி மேலயும் 'இதில் ரப்பர் இல்லை'ன்னு எழுதி ஒட்டியிருக்கு. உங்க கையெழுத்துதானே? இழுபடுற பொருளைப் பத்திச் சொல்லிக் கொடுக்கிற வண்டியில ரப்பரே இல்லன்னா எப்படி? வீடியோல எல்லாரும் பலூன்லதான் செய்யறாங்க. ஒரு பாக்கெட் வாங்கிக்கட்டுமா?"

"வாங்காதேம்மா" என்றேன்.

"ஏன் மேடம்?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்தவள். முதல் பதினெட்டு வருடம் வாகனங்களுக்கு ரப்பர் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பரிசோதனை அறையில் வேலை. ரப்பர்த் துண்டை இயந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுத்து, எந்த இழுப்பில் அறுந்தது என்று எழுத வேண்டும். மறுபடி அடுத்த துண்டு. தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அறக்கட்டளை ஒன்று பள்ளிகளுக்கு அறிவியல் வண்டி ஓட்டுகிறது, ஆள் தேவை என்று யாரோ சொல்லிப் போனேன்.

அங்கே அருளப்பன் சார் உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. ஐம்பது வயது இருக்கும். வெள்ளை முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேசை டிராயரில் இருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுத்தார்.

"மேல் உதட்டுல வெச்சுக்கிட்டு சட்டுனு இழுங்க."

இழுத்தேன்.

"என்ன தெரியுது?"

"சூடா இருக்கு சார்."

"அப்படியே கொஞ்ச நேரம் பிடிங்க. இப்ப சட்டுனு விடுங்க."

விட்டேன். உதட்டில் ஜில்லென்று பட்டது.

"பதினெட்டு வருஷம் ரப்பரை இழுத்திருக்கீங்களே, இது தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப வாங்க, சேர்ந்து செய்யலாம்" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

அவருடைய வகுப்பு ஒன்றை இப்போது நினைத்தாலும் நேரம் மெதுவாகிவிடுவதுபோல் இருக்கும். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். பிள்ளைகள் கத்தக் கத்த அவர் குரலைத் தாழ்த்துவார். கடைசியில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே வகுப்பு அடங்கிவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். இரண்டு கைகளையும் விரித்து, திருப்பி, எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று காட்டுவார். பிறகு பலூனை எடுப்பார்.

பலூனை முழுக்க ஊதிவிட்டுக் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும். முடிச்சுப் போட வேண்டும். ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். ஊதிய பலூனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டே இடங்களில் நிறம் அடர்த்தியாக இருக்கும். முடிச்சுக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்கு நேர் எதிரே உச்சியில் ஒன்று. அங்கே ரப்பர் அதிகம் இழுபடவில்லை. முடிச்சுப் பக்கத்தில் ஊசியை வைத்துத் திருகாணியைப்போல மெல்லத் திருகினால் உள்ளே போகும். பலூனுக்குள் ஊசி மிதந்துபோவது வெளியே மங்கலாகத் தெரியும். உச்சியில் அது வெளியே எட்டிப் பார்க்கும்போது முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை எடுப்பார்கள். வெடிக்காது. ஒரு பெருமூச்சு முன்வரிசையில் கிளம்பிக் கடைசி வரிசைக்குப் போகும். அந்த மாதிரிப் பெருமூச்சுகளுக்காகத்தான் நான் பதினைந்து வருடம் அந்த வண்டியில் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பாடம். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் கை கோக்கச் சொல்வார். "முழங்கையை மடக்கி லூசா நில்லுங்க." ஒருவரை அந்தச் சங்கிலிக்குள் நுழையச் சொல்வார். நுழைந்தவரைச் சுற்றிச் சங்கிலி வளைந்து கொடுக்கும். "இப்ப எல்லாரும் கையை விறைப்பா இழுத்துக்கிட்டு நில்லுங்க." மறுபடி நுழைந்தால் எங்காவது ஒரு கை பிடி விட்டுவிடும். ரப்பருக்குள் இருக்கும் நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் இப்படித்தான் என்பார். தளர்வாக இருக்கும் இடத்தில் ஊசிக்கு வழிவிட்டு அதையே சுற்றிக்கொள்ளும். விறைத்திருக்கும் இடத்தில் அறுந்துபோகும். அந்த வரி பிள்ளைகளுக்கு மறக்காது, ஏனென்றால் அவர்கள் கையே அந்தச் சங்கிலியாக இருந்திருக்கிறது.

முடிச்சூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போனது பெருவெள்ளம் வந்துபோன இரண்டாம் வருடம். வகுப்பறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு கரும்பலகைக்கு மேலே அப்படியே இருந்தது. நாங்கள் கட்டியிருந்த பலூன்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் மின்விசிறிக் காற்றில் மிதந்தன. ஏதோ தண்ணீருக்கு அடியில் நின்று மேலே பார்ப்பதுபோல எனக்கு ஒரு கணம் தோன்றியது.

எட்டாம் வகுப்பு. முன் பெஞ்சில் ஓரமாக ஜெனி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். காலில் இரும்புப் பட்டை மாட்டியிருந்தாள். ரொம்ப நேரம் நிற்க முடியாது என்பதால் கைச் சங்கிலியில் அவள் சேரவில்லை. "சார் பக்கத்துல உக்காந்து பாரு" என்று வகுப்பு ஆசிரியை எங்கள் மேசையை ஒட்டி அவளுக்கு நாற்காலி போட்டார். அவள் எதிரில்தான் நான் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொரு பலூனாக உதறி ஊதினேன். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே போட்டிருக்கும் வெள்ளைப் பொடி வெயிலில் பறந்தது. அழகாக இருக்கிறதே என்று பார்த்தேன்.

சங்கிலி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஜெனி உதட்டைச் சொறிந்தாள். பிறகு இருமினாள். நான் தண்ணீர் கொடுக்கத் திரும்பிய நேரத்துக்குள் கண் இமைகள் வீங்கிவிட்டன. கழுத்தில் சிவப்புத் தடிப்புகள்.

"மிஸ், தொண்டை அடைக்குது" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

அருளப்பன் சார் ஒரு நொடி யோசிக்கவில்லை. அவளை இரண்டு கைகளிலும் அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினார். பள்ளி வாசலில் நின்ற ஆட்டோவில் நானும் வகுப்பு ஆசிரியையும் ஏறிக்கொண்டோம். ஜெனியின் தலை சாரின் தோளில் சாய்ந்திருந்தது. மூச்சு விசில்போலக் கேட்டது.

தாம்பரம் போகிற வழியில் ஒரு தனியார் மருத்துவமனை. பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்.

"மத்தியானம் சுண்டல் டாக்டர். அதுதான் ஒத்துக்கல போல" என்றார் வகுப்பு ஆசிரியை. பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நர்ஸ் கையுறைப் பெட்டியில் இருந்து ஒரு ஜோடியை உருவினார். வெளிர் மஞ்சள் ரப்பர். கையில் மாட்டும்போது ஒரு சிறிய வெள்ளைப் புகை கிளம்பியது. பலூனில் பறந்த அதே பொடி.

பழைய தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த கீதாவின் கைகள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. ரப்பர் கையுறை போட்ட நாளெல்லாம் அவள் மணிக்கட்டு வரை தடித்துப்போய் அழுவாள். சிலருக்கு மரத்துப்பால் ரப்பரே ஆகாது, அதிலிருந்து பறக்கும் பொடி பட்டால்கூடப் போதும் என்று கம்பெனி டாக்டர் அவளுக்கு மரத்துப்பால் கலக்காத நீலக் கையுறை வாங்கித் தரச் சொன்னார். இத்தனை வருடம் எனக்குத் தெரிந்த விஷயம். பலூனோடு அதை ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை.

"சிஸ்டர், அந்தக் க்ளவுஸ் வேண்டாம்! தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"யாரு நீங்க? வெளிய போங்க" என்றார் மருத்துவர்.

"ரப்பர்தான் டாக்டர் காரணம். சுண்டல் இல்ல. கிளாஸ்ல பலூன் ஊதினேன். நான்தான் ஊதினேன். இவ எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஜெனியின் காலைப் பார்த்தார். அவளை லேசாகத் திருப்பி முதுகைப் பார்த்தார். கீழ் முதுகில் நீளமாகப் பழைய தையல் தழும்பு.

"சின்ன வயசுல நிறைய ஆபரேஷன் நடந்திருக்கு. இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு ரப்பர் ஒத்துக்காம போறது உண்டு" என்றவர் நர்ஸிடம் திரும்பினார். "அதைக் கழட்டுங்க. கையைக் கழுவிட்டு வேற க்ளவுஸ் எடுங்க. ஆக்சிஜன் மாஸ்க்ல ரப்பர் பட்டை இருக்கா பாருங்க." தொடையில் ஊசி போட்டார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் ஒரு வேப்பங்கிளை ஆடிக்கொண்டிருந்தது. விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு குழந்தை தூங்கும்போது வருகிற மூச்சாக மாறியது. அப்போதுதான் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

சாரைத் தேடி வெளியே வந்தேன். மருத்துவமனைக்குப் பின்னால் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கத்தியது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"மூச்சு சரியாயிடுச்சு சார்."

தலையை ஆட்டினார். கழுவுவதை நிறுத்தவில்லை. விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை.

"என் கை முழுக்கப் பொடி சுகந்தி. இந்தக் கையோடதான் அந்தப் பொண்ணைத் தூக்கினேன்."

"உங்களுக்குத் தெரியாதே சார்."

"தெரியாதுதான்" என்றார். அன்று சாயங்காலம் வரை அவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, எதிர்ப்பக்கம் இருந்த கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டையிலும் பொடி இருக்கும் என்றார்.

ஜெனியின் அம்மா ஸ்டெல்லா நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்கிறவர். இரண்டு பஸ் மாறி, வேலைச் சீருடையிலேயே ஓடிவந்தார். மகளின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"யாரு பலூன் ஊதுனது?"

"நான்தாங்க."

"இன்னா மேடம் இப்டி பண்ணிட்டீங்க? கைக்கொழந்தையா இருக்கசொல்ல மூணு வாட்டி முதுகைக் கிழிச்சி தச்சி, இத்தினி வருசம் கண்ணுக்குள்ள வெச்சிகினு கீறேன். ஒரு பர்த்டேல பலூன் வாயில வெச்சி உதடு வீங்குச்சி. சாயம் ஒத்துக்கலன்னு நெனச்சிகினேன். எனக்கு யாரு சொன்னா? ஒர்த்தரும் சொல்லல."

கொஞ்சம் கழித்து அவர், "டாக்டரம்மா சொன்னாங்க. க்ளவுஸ் போட உடாம நீதான் கத்துனியாமே" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

அறக்கட்டளைச் செயலாளர் எதையும் எழுத்தில் தர வேண்டாம், குழந்தைதான் பிழைத்துவிட்டாளே என்றார். அருளப்பன் சார் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் நாங்கள் போய்வந்த ஒவ்வொரு பள்ளிக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தார். பலூன் ஊதிக் காட்டினோம், ஒரு மாணவிக்கு மூச்சுத் திணறியது, உங்கள் பள்ளியில் அப்படி யாராவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று. தட்டச்சு செய்யவில்லை, எல்லாம் கையால். செயலாளர் கோபப்பட்டார். சார் தாழ்ந்த குரலில், "என்னை வேணும்னா அனுப்பிடுங்க" என்றார். அனுப்பவில்லை.

பிறகு வண்டியைக் காலி செய்தோம். பலூன், ரப்பர் பேண்ட், குழாய், கையுறை எல்லாவற்றையும் மூட்டை கட்டினோம். இருக்கைத் துணிகளைத் துவைத்தோம், தரையையும் பெட்டிகளையும் மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தோம். நீள ஊசியை மட்டும் சார் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அந்த வித்தை அவருடைய பெருமை, எனக்குத் தெரியும். மூட்டையில் போட்டுக் கட்டினார். புதுப் பெட்டிகளின் மேல் நான் எழுதி ஒட்டினேன்.

ரப்பர் இல்லாமல் பொருள் இழுபடுவதைச் சொல்லிக் கொடுக்க நாங்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, நன்றாகச் சீவிய பென்சில்களை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகாது. இழுத்த ரப்பருக்குச் சூடு காட்டினால் நீளாமல் சுருங்குகிற ஒரு வித்தை இருந்தது. அதற்கு இணையாக எதுவும் கிடைக்காமல் விட்டுவிட்டோம். தாம்பரம் சண்முகம் சாலையில் மணி கோக்கிற சாமான் விற்கும் கடையில், கண்ணாடிபோல இருக்கும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற செயற்கை இழுவை நூலைக் கண்டுபிடித்தேன். ஜெனியின் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாக்கெட்டில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, இதில் மரத்துப்பால் இல்லை, பயமில்லை என்றார்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் தாம்பரம் பஸ் நிலையத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. அவரே வந்தார்.

"ஜெனி எப்படி இருக்கா?"

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல மேடம். இஸ்கூல்லதான் பேஜாரு. கூட உக்கார மாட்டேங்குதுங்க. தொட்டா வீங்கிடுவா, செத்துடுவான்னு பயம் அதுங்களுக்கு. டீச்சரும் பயந்துகினு அவள ஓரமா தனி பெஞ்சில போட்டு வெச்சிக்கீறாங்க. என் பொண்ணு வூட்டுக்கு வந்து பேசறதே இல்ல."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எங்கள் கடிதமும் அந்தப் பயத்தில் ஒரு பங்காக இருக்கும் என்று தோன்றியது. சாரிடம் சொன்னேன். நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினார். பிறகு, "அவங்க அம்மா சம்மதிச்சா மட்டும் போவோம்" என்றார்.

ஸ்டெல்லா சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. ஒரு நிபந்தனை வைத்தார். வகுப்பில் தானும் உட்காருவேன் என்றார்.

அந்தக் காலையில் மழை பெய்து விட்டிருந்தது. வகுப்பறையே சாம்பல் வெளிச்சத்தில் மிதப்பதுபோல இருந்தது. ஸ்டெல்லா கடைசி பெஞ்சில் மடியில் பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சார் பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தச் சொன்னார். "இன்னிக்கு எல்லாரும் தரையில உக்காருவோம்." வட்டமாக உட்கார்ந்தார்கள். ஜெனி பட்டை போட்ட காலை நீட்டி உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது.

"கை கோத்துக்கங்க" என்றார் சார்.

வட்டம் முழுக்கக் கோத்தது, அந்த இரண்டு இடங்களைத் தவிர. சார் காத்திருந்தார். அதட்டவில்லை. வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. ஜெனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் இருந்த வளர்த்தியான பெண் தன் கையைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். தலைமுடியில் மாட்டியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றித் தூரமாக உருட்டிவிட்டாள்.

"சார், இப்ப எங்கிட்ட ரப்பர் இல்ல" என்று சொல்லி, நகர்ந்து வந்து ஜெனியின் கையைப் பிடித்தாள்.

அடுத்த கை தானாக வந்தது. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்பலகையில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு இப்போது நினைவில்லை.

கடைசியாக ஜெனியை மேசைக்கு அழைத்தேன். முந்தின வாரம் ஸ்டெல்லா வேலையில் இருக்கும் நேரத்தில் அவள் வீட்டுக்குப் போய் மூன்று சாயங்காலம் பழக்கியிருந்தேன். அவள் இழுவை நூலில் ஒரு பித்தளை மோதிரத்தைக் கோத்து, இரண்டு கைகளிலும் நூலைச் சாய்வாக இழுத்துப் பிடித்தாள். மோதிரம் தாழ்ந்த கையின் பக்கம் இருந்தது. அவள் மோதிரத்தையே பார்த்தாள். மோதிரம் அசைந்தது. பிறகு சரிவில் மெல்ல, யாரும் தொடாமல், மேல்நோக்கி ஏறத் தொடங்கியது. தாழ்ந்த கையின் மடக்கிய விரலுக்குள் மிச்ச நூல் ஒளிந்திருக்கிறது. அதை இம்மி இம்மியாக விட்டால், இழுபட்டிருந்த நூல் மேல்கைப் பக்கம் சுருங்கும்போது மோதிரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்யத் தெரிந்த எனக்கே அன்றைக்கு மோதிரம் தானாக ஏறுவதுபோலத்தான் இருந்தது.

பிள்ளைகள் எழுந்துவந்து மேசையை மொய்த்துக்கொண்டார்கள். "ஏய் ஜெனி, எப்டிடி? சொல்லுடி!" யாரோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். இன்னொருத்தி அவள் மூடிய கையை விரிக்கப் பார்த்தாள். ஜெனி கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

மணி அடித்தது. நாங்கள் பெட்டிகளை மூடினோம்.

ஸ்டெல்லாவுக்கு மத்தியான வேலைக்கு நேரமாகியிருந்தது. பஸ் நிறுத்தம் வரை வண்டியில் ஏற்றிக்கொண்டோம். பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரமான முடிச்சூர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? அந்த மோதரம் எப்டி மேல ஏறுச்சி?"

நான் வாயைத் திறந்தேன். முன் இருக்கையில் இருந்த சார் திரும்பாமலே சொன்னார்: "வீட்டுக்குப் போய் உங்க பொண்ணுகிட்ட கேளுங்கம்மா."

"எனக்கு மட்டும் சொல்லிடுவாளா இன்னா, அவ?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க."

ஸ்டெல்லா சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. இறங்கி, ஓடிப்போய், கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினார். பஸ் எங்களைத் தாண்டிப் போகும்போது ஜன்னலோரம் அவர் தெரிந்தார். துப்பட்டாவின் முனையை இரண்டு கைகளுக்கும் நடுவில் சாய்வாக இழுத்துப் பிடித்து, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.